பதினோரு குப்பியும் ஒரு மூக்கும்

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் நின்று ராக்கையா வீடு எது என்று கேட்டால், எந்த ராக்கையா என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருந்த காலம் அது. மூக்கு ராக்கையா என்று சொல்லிவிட்டால் போதும், கேட்டவரைக் கையோடு கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். அவ்வளவு பேர்போன மூக்கு. பார்வைக்கு அதில் ஒரு விசேஷமும் கிடையாது. கொஞ்சம் சப்பை, இடது பக்கம் லேசான சாய்வு, நடுவில் ஒரு அம்மைத் தழும்பு. ஆனால் ஏலக்காய் விஷயத்தில் அந்த மூக்கு சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

ராஜாராம் என்பவருடைய ஏலக்காய் மண்டியில் அவருக்கு வேலை. மலையிலிருந்து பொதிமாட்டிலும் தலைச்சுமையிலுமாக மூட்டைகள் வந்து இறங்கும். ராக்கையா முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கை அள்ளுவார். ஒரு காயை நகத்தால் கிள்ளி மூக்கருகே கொண்டுபோவார். இது குரங்கணிச் சரிவுக் காய், வெயிலில் காய்ந்தது என்பார். இது மலைமெட்டுக்கு அந்தப் பக்கத்துக் காய், மழை விடாததால் அடுப்புப் புகையில் உலர்த்தியிருக்கிறார்கள், புகை உள்ளே இறங்கிவிட்டது என்பார். மேலே நல்ல காயும் நடுவில் பூசணம் பிடித்ததுமாக வைத்துக் கட்டிய மூட்டையைக் கொட்டிப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார். கொண்டுவந்தவன் முகம் செத்துப்போகும். அவர் சொன்னதுதான் ரகம். வெளியூர் வியாபாரிகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் விலையே பேச ஆரம்பிப்பார்கள்.

இந்த ஏலக்காய் இருக்கிறதே, அது ஒரு திருட்டுச் சரக்கு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைத் திருடிக்கொள்ளும். ஒரு மண்ணெண்ணெய் டின் ஒரே ஒரு நாள் பக்கத்தில் இருந்தால் போதும், மூட்டை பூராவும் மண்ணெண்ணெய்தான். அதனால் மண்டிக்குள் கருவாடு ஆகாது, பெருங்காயம் ஆகாது, சுருட்டு ஆகாது. காய் பொறுக்க வரும் நாற்பது பெண்களும் தலையில் வைத்த பூவைக்கூட வாசலில் கட்டியிருக்கும் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வெளியே வந்து அவரவர் சரத்தை எடுத்துச் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். என் பூவை அவள் எடுத்துவிட்டாள் என்று வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிற மனிதருக்கு அத்தர் மேல் பித்துப் பிடித்தது என்றால் அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அது பிடித்தது இருபது வயதில், வீரபாண்டித் திருவிழாவில். சித்திரை வெயில், புழுதி, கூட்டம். உத்தமபாளையத்து மீரான் ராவுத்தர் ஒரு வேப்பமரத்தடியில் அத்தர்ப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவரின் புறங்கையில் கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு தொட்டார். வெட்டிவேர். அந்த நெரிசலிலும் ராக்கையாவுக்குத் தான் மட்டும் தனியாக வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றிவிட்டது. புது வேட்டிக்கென்று கொண்டுபோன காசு அங்கேயே போயிற்று. பழைய வேட்டியோடு வீடு திரும்பியவரை ஊர் சிரித்தது. அவர் கையை முகர்ந்துகொண்டே போனார்.

அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்தில் குப்பிகள் பதினொன்றாகின. அறை அறையாகத் தடுத்த ஒரு தேக்குப் பெட்டி செய்து, பஞ்சு பரப்பி, அதில் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் குணமும் அவருக்கு அத்துப்படி. மருக்கொழுந்தை விடிந்ததும் பூச வேண்டும், உச்சிக்கு மேல் கசந்துவிடும். சந்தனத்துக்கு அவசரமே கிடையாது, பூசி ஒரு நாழிகை கழித்துத்தான் வாயைத் திறக்கும். கஸ்தூரியை ஒரே ஒரு தடவை, அதுவும் தெரியாத்தனமாக ஒரு துக்க வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், அன்றோடு அதற்கு வெளிநடமாட்டம் நின்றது. முதல் மழை விழுந்த புழுதி மணக்கிற மண் அத்தர் ஒன்று வடக்கேயிருந்து ராவுத்தர் தருவித்துக் கொடுத்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் சிலமலையில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் நாலு பேர் வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மகிழம்பூ, கல்யாணமான வருஷம் வாங்கியது. தாழம்பூ இருக்கிறதே, அது நாலு வீட்டுக்கு அந்தப்பக்கம் வரும்போதே பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிற மாமனைப் போல. குச்சி நுனியால் தொட்டால் போதும், சொட்டு என்ற பேச்சே அதற்குக் கூடாது.

இத்தனையும் வைத்துக்கொண்டு அவர் பூசிக்கொண்டது அமாவாசைக்கு அமாவாசைதான். அன்றைக்கு மண்டிக்கு விடுமுறை. குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, அத்தர் தொட்ட பஞ்சைக் காது மடலில் செருகிக்கொண்டு கடைத்தெரு வழியாகக் கோயில் வரை ஒரு நடை போவார். இன்றைக்கு எது என்று கடைக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். சாயங்காலம் அரப்புத் தேய்த்து இன்னொரு குளியல். மறுநாள் மண்டிக்குப் போகும்போது மனிதர் பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பார். வருஷத்துக்குப் பன்னிரண்டோ பதிமூன்றோ நாள்தான், அந்த நாட்களுக்காகவே அவர் மாசம் பூராவும் சந்தோஷமாக இருந்தார்.

அவர் மனைவி மாயக்காளுக்கு இது ஒன்றும் பிடிக்காது. தாய்மாமன் மகள், வாயும் கொஞ்சம் அதிகம். ஒரே மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் இரண்டே பேர். உசுரோடு பூ கடைத்தெருவில் கிடைக்கும்போது செத்த பூவுக்கு எதற்குக் குப்பி என்பாள். ஒரு தடவைகூடத் தன் மேல் ஒரு தொடு வைக்க விட்டதில்லை.

ஜெர்மன் சண்டை முடிகிற வருஷம், ஐப்பசியில், ஊர் ஊராக ஒரு காய்ச்சல் வந்தது. போடியில் அழுகைச் சத்தம் கேட்காத தெரு இல்லை. ராக்கையாவும் விழுந்தார். பத்து நாள் கண் திறக்கவில்லை. பிழைத்து எழுந்ததே பெரிய விஷயம் என்று மாயக்காள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். எழுந்தவருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். நாக்கில் சுள்ளென்று உறைத்தது, அவ்வளவுதான். மணம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அவள் அந்தண்டை போனதும் பெட்டியைத் திறந்து வெட்டிவேரை மூக்கில் வைத்தார். தண்ணீர். சந்தனம், தண்ணீர். பதினொன்றும் தண்ணீர். அவள் வருவதற்குள் பெட்டியை மூடிவைத்தார். காய்ச்சலில் செத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

மூக்கு இல்லாத ராக்கையாவுக்கு மண்டியில் என்ன வேலை? மண்டி இல்லாத ராக்கையாவுக்கு ஊரில்தான் என்ன பெயர்? யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போனார். காயின் பச்சையைப் பார்த்தார், காதருகே குலுக்கி உள்ளே ஏலரிசி ஆடும் சத்தத்தைக் கேட்டார், பல்லில் வைத்துக் கடித்தார். வழக்கம்போல மூக்கருகேயும் கொண்டுபோய்த் தலையை ஆட்டினார். இருபத்தைந்து வருஷப் பழக்கம் நாலு நாளைக்குக் கைகொடுத்தது. ஐந்தாம் நாள் வீட்டில் பிடிபட்டார்.

மாயக்காள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். இவர் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். பால் அடிப்பிடித்து, தீய்ந்து, வாடை கொல்லைக்கு வந்து அவள் ஓடி வந்தாள். இவள் எதற்கு இப்படி ஓடி வருகிறாள் என்று இவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"மாமா, மூக்கு போயிருச்சா?"

"காய்ச்சலோட போச்சு புள்ள. யார்ட்டயும் சொல்லிராத."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தக் கருகிய சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "சாயங்காலம் மூட்டைக்கு ஒரு கை கொண்டாங்க. எனக்கும் மூக்கு இருக்குல்ல."

அன்றிலிருந்து துண்டின் நாலு முனையிலும் நாலு முடிச்சோடு அவர் வீடு வந்தார். அவள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து முகர்வாள். மண்டிப் பாஷை அவளுக்குத் தெரியாது. இது நம்ம மகள் பிறந்தப்போ போட்ட சாம்பிராணி என்பாள். புகையில் உலர்ந்தது என்று அவர் புரிந்துகொள்வார். இது அடைமழையில் அலசிப் போட்ட பாய் என்பாள். சரிதான், உள்ளே ஈரம். இதில் ஒரு தப்பும் இல்லை, வாய் ஊறுகிறது என்றால் அது முதல் ரகம். மறுநாள் காலையில் அவர் மண்டியில் அதை அப்படியே தம் வாயால் சொல்வார். எதைக் கேட்டாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்கிறாரே, காய்ச்சலில் பிழைத்தவருக்கு நிதானம் கூடிவிட்டது என்று முதலாளி ராஜாராம் எண்ணிக்கொண்டார். ஒரு மாசம் ஓடியது. ஒரு மூட்டைக்குக்கூடக் குறை வரவில்லை.

கார்த்திகையில் மாயக்காளின் தம்பி வீட்டில், சிலமலையில், காதுகுத்து. அக்காள் போகாமல் காதுகுத்தா? மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று போனாள். அவள் போன மறுநாள் பார்த்துத்தான் குரங்கணியிலிருந்து பன்னிரண்டு மூட்டை வந்து இறங்க வேண்டும்! மதுரை வியாபாரி காலையில் வருகிறார், வந்ததும் ரகம் சொல்லியாக வேண்டும் என்றார் ராஜாராம். ராக்கையா முடிச்சோடு வீடு வந்தார். அவிழ்த்துக் கொடுக்க ஆள் இல்லை. கடித்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

விடிந்ததும் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்காவது வராதா என்று ஒவ்வொரு குப்பியாகத் திறந்தார். பத்தும் கைவிட்டது. தாழம்பூவைக் கடைசிக்கு வைத்திருந்தார். இதுவும் தெரியாவிட்டால் இனி எதுவும் தெரியப்போவதில்லை என்று மனசு சொன்னது. குச்சியால் தொட்டார். இல்லை. ஒரு சொட்டு விட்டார். இல்லை. ஆத்திரம் தாங்காமல் உள்ளங்கையில் கவிழ்த்து மீசையிலும் கழுத்திலும் இரண்டு கையிலும் தேய்த்தார். இல்லவே இல்லை. அப்புறம்தான் மண்டி நினைவு வந்தது. சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, போய்விட்டது என்று முடிவு செய்து, அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சீயக்காய்க்கெல்லாம் அசருகிற சரக்கா அது! தெருவில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். பூக்காரி கருப்பம்மாள், அண்ணனுக்கு இன்றைக்கு அமாவாசையா என்று கேட்டாள். இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது என்று இவர் கணக்குப் போட்டுப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

மண்டிக்குள் நுழைந்ததும் நாற்பது தலையும் நிமிர்ந்தது. இவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே குரங்கணி மூட்டைக்குப் போய் முழங்கை வரை கையை விட்டார். பொறுக்குகிற பெண்களில் மூத்தவள் அய்யம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தாள். வாசல் கயிற்றில் அவள் பூவும்தான் தொங்கியது.

"அண்ணே, கைய வெளிய எடுங்க," என்றாள் மெதுவாக.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கை மூட்டைக்குள் இருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ராஜாராம் கோபக்காரர். வேகமாக வந்து, இவரை வெளியே முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னய்யா பூசியிருக்க? தெருமுக்கு வரைக்கும் தாழம்பூ வருது!"

"கழுவிட்டேன் முதலாளி. போயிருச்சுன்னு நெனச்சேன்."

"ஒனக்குத் தெரியலையா?"

"தெரியல. காய்ச்சல்லேருந்து எதுவுமே தெரியல, முதலாளி."

சொல்லிவிட்டு ராக்கையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தார். அப்படியானால் ஒரு மாசமாக ரகம் பிரித்தது யார் என்று ராஜாராம் கேட்டார். மாயக்காள், இப்போது சிலமலையில் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று இவர் சொன்னார். முதலாளி அங்கே கிடந்த ஒரு வெற்றுச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த மாசம் போன மூட்டைகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. எழுந்து, சிலமலைக்கு வண்டியைக் கட்டு என்று சத்தம் போட்டார். தாழம்பூ ஏறிய மூட்டையைத் தனியே தூக்கி வைக்கச் சொன்னார். வந்து சேர்ந்த மதுரை வியாபாரியைச் சாப்பாடு போட்டு உட்கார வைத்தார்கள்.

மத்தியானம் மாயக்காள் வந்து இறங்கினாள். காதுகுத்துக்குக் கட்டிய பட்டு, தலை நிறையப் பூ. யாரும் சொல்லாமலே வாசலில் நின்று பூவைக் கழற்றிக் கயிற்றில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பதினொரு மூட்டையையும் வரிசையாக முகர்ந்தாள். பத்து நல்லது என்றாள். ஒன்றைக் காட்டி, நெல் அவித்த அண்டாவுக்கு அடியில் கிடந்த சாக்கு மாதிரி வாடை அடிக்கிறது என்றாள். கொட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு மரக்கால் அளவு ஈரக் காய் இருந்தது. அம்மா சொன்னால் சரி என்று மதுரைக்காரர் எழுந்துவிட்டார்.

ராஜாராம் அன்றே தீர்ப்புச் சொன்னார். ராக்கையாவின் கையும் காதும் மாயக்காளின் மூக்குமாக இரண்டு பேரும் உட்காருங்கள். மூக்கு திரும்பி வருகிற வரை அத்தர்ப் பெட்டியின் சாவி அவளிடமே இருக்கட்டும்.

தாழம்பூ மூட்டையை எந்த வியாபாரியும் தொடவில்லை. பொங்கலுக்கு மண்டியில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் படி படியாக அதை அளந்து கொடுத்துவிட்டார் முதலாளி. அந்தத் தை முதல் நாள் போடியில் பாதி வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் தாழம்பூ மணத்தது. ராக்கையா அத்தர் பொங்கியிருக்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்று தெருவே கூப்பிட்டுக் கேலி செய்தது. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு வெறும் இனிப்புத்தான் தெரிந்தது. கேலிக்கு அவர் வருத்தப்படவில்லை. ஊர் பூராவுக்கும் தெரிகிற தன் அத்தர் தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவர் குறை.

மாயக்காள் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு குப்பியைத் திறந்து, மூக்கு வந்துவிட்டதா என்று அவருக்கு நீட்டுவாள். அவர் தலையை ஆட்டியதும், இவர் மனசு ஆறட்டும் என்று தானே முகர்ந்து, எப்படியிருக்கிறது என்று சொல்லுவாள். கொஞ்ச நாளில் அவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். மாசியில் ஒரு நாள் மகிழம்பூவை முகர்ந்துவிட்டு, "இது நம்ம கல்யாணத்துக்கு மறுநா காலம்பற, மாமா," என்றாள். இருபது வருஷமாக அவரும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தார், ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. அந்த அமாவாசைக்கு அவள் மணிக்கட்டில் அவர்தான் குச்சியால் ஒரு தொடு தொட்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த அமாவாசைகளில் அவளே பெட்டியைத் திறந்து, இன்றைக்கு எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்டியிலோ, மாயக்காள் வந்தாச்சா என்று வியாபாரிகள் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஆடி போய் ஆவணி பிறந்தது. அமாவாசை. மலையில் புதுக்காய் பறிக்கத் தொடங்கி, மறுநாள் முதல் மூட்டைகள் இறங்குவதாகச் சேதி. மாயக்காள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மருக்கொழுந்தா மகிழம்பூவா என்று மணிக்கட்டை மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தாள். ராக்கையா வாசலில் வேட்டியை உதறிக்கொண்டிருந்தார்.

"மாயக்கா, பால் தீயுது," என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். உள்ளே அவளும் எழுந்திருக்கவில்லை. பால் அது பாட்டுக்குத் தீய்ந்தது. பிறகு அவள் ஓடி வந்து ஒரு குப்பியை அவர் மூக்கில் வைத்தாள். எங்கோ தூரத்தில் இருப்பது போல மெல்ல வந்தது. வெட்டிவேர் என்றார். இன்னொன்று. மகிழம்பூ. கஸ்தூரிக்கு முகத்தைச் சுளித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து மாசம் கழித்துத் திரும்பி வந்த முதல் வாசனை அடிப்பிடித்த பால்தான், அதற்கு ஈடாகப் பதினொன்றையும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மாயக்காள் குப்பிகளைத் துடைத்து அதனதன் அறையில் வைத்தாள். பெட்டியைப் பூட்டினாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்ப நாளையிலேருந்து நான் மண்டிக்கு வர வேணாமா, மாமா?"

ராக்கையா அவளைப் பார்த்தார். போன கார்த்திகையில் மூட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு தான் எப்படி நின்றோம் என்பது நினைவுக்கு வந்தது. சாவியை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

"மூக்கு வந்தது ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். மொதலாளிக்கு எதுக்கு? நாளைக்குக் குரங்கணிச் சரக்கு வருது, சாயங்காலமே அரப்புத் தேச்சுக் குளிச்சிரு."

அந்தத் தீய்ந்த பாலை அவள் கொட்டவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள். ராக்கையா குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.